வெல்வெட் கோப்ராவை விட்டு யாரும் விலகியதில்லை

டினோஜன் மொட்டையோடு வந்து நின்றான்.

கிருபானந்தன் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"என்னடா இது?"

"நேர்த்திக்கடன் அண்ணை. முருகனுக்கு."

"இண்டைக்கோ?"

"முருகன் நாள் பாக்கேல்லை அண்ணை."

லவாலில் கிருபானந்தன் வீட்டு நிலக்கீழ் அறை. இரவு ஆற்றுக்கு அப்பால் வில்லரேயில் ஒரு மதுச்சாலையில் நிகழ்ச்சி. கோடை விழாவுக்குக் குழுக்களைத் தெரிவுசெய்கிற ஒருவர் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் பெரிய மேடை. பிடிக்காவிட்டால் வெல்வெட் கோப்ராவை இனி ஒருவரும் கூப்பிடப்போவதில்லை.

வெல்வெட் கோப்ரா ஒரு கிளாம் மெற்றல் இசைக்குழு. உரத்த கிற்றார், இறுகிய காற்சட்டை, முகத்தில் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக நீண்ட முடி. முப்பது வருடத்தில் ஒரு கசெற், இரண்டு இறுவட்டு. தொடக்கத்திலிருந்து மிஞ்சியிருப்பவர் பாடகர் கிருபானந்தன் மட்டும்.

முதல் ட்ரம்காரன் சொல்லாமல் போன வருடம் அவர் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார். சேருகிறவர் பிள்ளையார் படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும்: நானாக விலகினால் பிறகு எந்த மேடையிலும் ஏறமாட்டேன். அதற்குப் பிறகு ஒருவரும் தானாக விலகியதில்லை. அதில் அவருக்குப் பெருமை. போனவர்களை எல்லாம் அவரே நீக்கினார். நீக்கும்போது, "சத்தியம் தீர்ந்துது. போ" என்பார். அது அவருடைய பெருந்தன்மை. கடைசியாகப் போனவன் கீர்த்திகன். காதல் பாட்டின் நடுவில் தும்மினான்.

"மலர்!"

அவர் மனைவி செல்வமலர் மணப்பெண் அலங்காரம் செய்பவர். சவுரியோடு இறங்கி வந்தார். இடுப்பளவு நீளம். நுனியில் குஞ்சம்.

"நாளைக்குப் பொம்பிளைக்கு வேணும். கவனம்."

கிருபானந்தன் அதை டினோஜனின் தலையில் வைத்தார். சந்தனம் காயவில்லை. சவுரி வழுக்கியது. டேப் ஒட்டினார். டேப்பும் வழுக்கியது.

"சாமிக்குக் குடுத்த தலை அண்ணை. ஆற்றையோ தலைமயிரை வைக்கேலாது."

"வை எண்டால் வை."

டினோஜன் சவுரியைக் கழற்றினான். அதாலேயே சந்தனத்தைத் துடைத்தான். வடிவாக, காதோரம் வரை.

"ஐயோ, என்ர பொம்பிளை!" என்றார் செல்வமலர்.

"சத்தியம் தீர்ந்துது. போ."

"சரி அண்ணை."

அவனுடைய பேஸ் கிற்றார் ஏற்கெனவே உறைக்குள் இருந்தது.

கிருபானந்தன் மற்றக் கிற்றார்க்காரனைப் பார்த்தார்.

"மதுஷன், அவன்ர பகுதியையும் நீ வாசி. சமாளிப்பம்."

"சமாளிக்கலாம் அண்ணை. ஆனா அக்காவின்ர பாட்டை விடுவம்."

அது செல்வமலரைக் கலியாணம் கேட்பதற்காக அவர் எழுதிய பாட்டு. எல்லா நிகழ்ச்சியும் அதோடுதான் முடியும்.

"ஏன் விடவேணும்?"

"மாடு கண்டு போடேக்க கத்துற மாதிரிக் கிடக்கு."

கிருபானந்தன் பொறுத்துக்கொண்டார். செல்வமலர் சிரித்துவிட்டார்.

"சத்தியம் தீர்ந்துது. போ!"

ட்ரம் அடிக்கும் றொஷினி மட்டும் மிஞ்சினாள்.

"கிற்றாரைப் போனில போடுவம்," என்றார் அவர். "நீ அடி. நான் பாடுறன். ரெண்டு பேர் காணும்."

"ஓம் அண்ணை," என்றாள் அவள். குரலில் உற்சாகம் இல்லை.

அவர் வான் ஓட்ட, முன் இருக்கையில் இருந்து அவள் புட்டும் சொதியும் சாப்பிட்டாள். சிவப்பு விளக்கில் நின்றபோது சொதி முழுவதும் அவருடைய வெள்ளைக் காற்சட்டையில் ஊற்றுப்பட்டது.

"கை தவறிட்டுது அண்ணை."

கிருபானந்தன் மூச்சை இழுத்து விட்டார். இவளும் போனால் குழு இல்லை.

"பரவாயில்லை பிள்ளை."

றொஷினியின் முகம் விழுந்தது.

"கோவம் இல்லையோ?"

"இல்லை. நீ எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி."

அவள் வெளியே பார்த்தாள். மெட்ரோ நிலையம் தெரிந்தது. நகத்தைக் கடித்தாள்.

"அண்ணை, உங்களுக்கு வயசு அறுபத்திரண்டு எண்டு அந்த விழாக்காரனுக்குச் சொல்லிட்டன்."

வான் குலுங்கி நின்றது. சுவரொட்டியில் நாற்பத்தெட்டு என்று போட்டிருந்தது.

"இறங்கு."

அவள் கதவைத் திறந்தாள். இறங்கவில்லை.

"அதையும் சொல்லுங்கோ அண்ணை."

"எதை?"

"அந்தச் சத்தியக் கதையை."

"தீர்ந்துது! போ!"

அவள் ட்ரம் குச்சிகளோடு மெட்ரோவுக்கு ஓடினாள்.

கிருபானந்தன் வீட்டுக்குத் திரும்பினார். சுத்தமான காற்சட்டை வேறு இல்லை. செல்வமலரின் கறுப்பு லெகிங்ஸைப் போட்டுக்கொண்டார். பாலத்தில் வாகன நெரிசல். தனியாக, போனை வைத்துக்கொண்டு, அந்த மனிதருக்கு முன்னால் பாடவேண்டும். பாடுவார். வேறு வழி இல்லை.

மதுச்சாலை வாசலில் அல்பேட் நின்றான். அங்கே ஒலியமைப்புப் பார்ப்பவன். மன்னார்க்காரன்.

"அண்ணை, பிந்திட்டீங்கள்."

கிருபானந்தன் கதவுக் கண்ணாடியால் பார்த்தார். மேடையில் டினோஜனின் மொட்டை வெளிச்சத்தில் மின்னியது. பக்கத்தில் மதுஷன். பின்னால் றொஷினி. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கீர்த்திகன். முன்வரிசையில் விழாக்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கிருபானந்தனின் கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. அவ்வளவு பேசியும் வந்திருக்கிறார்கள். அவர் வரும்வரை மேடையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"அல்பேட், உள்ளுக்குப் போய்ச் சொல்லு. நான் மன்னிச்சிட்டன். எல்லாரையும் திரும்பச் சேர்க்கிறன்."

அல்பேட் கதவைச் சாத்தினான். அதன் குறுக்கே நின்றான்.

"அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், அதைமட்டும் சொல்லிப்போடாதேங்கோ. உங்களைக் கொண்டு தங்களை நீக்கவைக்க அவையள் பட்ட பாடு! அந்த ஒரு தும்மலுக்குக் கீர்த்திகன் ரெண்டு மாசம் பொக்கற்றில மிளகுத்தூளோட திரிஞ்சவன்."