கொள்ளுத்தாத்தாவின் தம்பியைத் தேடி ஒரு ஃப்ளெக்ஸ்

என் கணவர் எனக்கு என்ன முறை ஆக வேண்டும்? கல்யாணமாகி, குழந்தையும் பிறந்த பிறகு யோசிக்க வேண்டிய கேள்வியா இது? ஆனால் இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

தப்பு என்னுடையதுதான். முன்னோரைப் பற்றித் தெரிந்த குழந்தைகள் தைரியமாக வளரும் என்று எங்கோ படித்துத் தொலைத்தேன். (பல் தாமதமாக முளைப்பது பற்றிப் படித்துவிட்டு ஒரு மாதம் தூங்காதவள் நான்.) மகளின் காதுகுத்துக்குள் கணவரின் கொள்ளுத்தாத்தா நாச்சிமுத்துவின் கதையைத் திரட்டிவிடுவது என்று கிளம்பினேன்.

கொடுமுடிப் பக்கம் மாட்டுவண்டியில் வாழைத்தார் ஏற்றிப்போய் விற்றவர். கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டோடு போய் வண்டியில் உட்கார்ந்து சாப்பிடுவாராம். ஒரு தம்பி, சிறுவயதிலேயே உடுமலைப் பக்கம் யாருக்கோ சுவீகாரம் போய்விட்டார். பெயர்கூடத் தெரியவில்லை. சொந்தக்காரர்களிடம் தேறியது இவ்வளவுதான்.

எனக்கு எதையும் அரைகுறையாக விட வராது. வம்ச மரத்தை ஆளுயர ஃப்ளெக்ஸாக அடித்து மண்டப வாசலில் மாட்டினேன். தம்பியின் இடத்தில் ஒரு கேள்விக்குறி. கீழே, ‘உடுமலைக்குச் சுவீகாரம் போனவர். தகவல் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்.’

(என் பிறந்த வீடு உடுமலைப்பேட்டையில் இருக்கிறது. அப்போதும் உறைக்கவில்லை.)

காது குத்தி முடிந்து பந்தி நடந்தது. மாமியாருக்குப் பக்கத்து இலையில் என் அப்பாவின் தங்கை. ரசச் சோற்றைப் பிசைந்தபடி, வெயிலைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார்:

“ஏனுங் சம்பந்தி, என்ற அப்பனைப் பெத்த தாத்தனும் கொடுமுடிப் பக்கமிருந்து சுவீகாரம் வந்தவருதானுங்க. அண்ணன் வண்டி ஓட்டுனாருன்னு சொல்லுவாரு.”

மாமியாரின் கை இலையிலேயே நின்றது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களில் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலப் பிரிவில், பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. பெண் கொடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம். சுவீகாரம் போனவர் போன வீட்டுக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்தான். ஆனால் ரத்தம்?

மாமியார் என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அம்மணி, இப்ப பாப்பா உக்காந்தது மாமன் மடியிலயா, பெரியப்பன் மடியிலயா?”

காதுகுத்தில் குழந்தையைத் தாய்மாமன்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். என் அண்ணன் வைத்திருந்தான். நாங்கள் பங்காளிகள் என்றால் அவன் மாமனே இல்லை. குத்திய காதைத் திரும்பவும் குத்த முடியுமா? உடுமலைக்குச் சுவீகாரம் போனவர்கள் எத்தனையோ பேர் என்று என் கணவர் தன் அம்மாவைச் சமாதானப்படுத்தினார். பிறகு என் பக்கம் குனிந்து, “மொதல்ல அந்த பேனரைக் கழட்டு கண்ணு” என்றார்.

அன்றிலிருந்து கொழுந்தனார் என்னை அண்ணி என்பதில்லை. “ஏனுங்கக்கா, அண்ணன் ஊட்ல இருக்காருங்களா?” என்கிறார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் இந்தக் கதை ஓடுகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். மாமியார் மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்.

போன வாரம் அவரே, கொடுமுடியில் விவரம் தெரிந்த ஒரு தூரத்து உறவினரின் எண்ணை வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். “நீதான ஆரம்பிச்ச? நீயே கேட்டுப்போடு.”

தினமும் விசாரிக்கிறார். லைன் கிடைக்கவில்லை என்கிறேன். (நான் இன்னும் கூப்பிடவே இல்லை.) அந்தத் தம்பி வேறு யாரோ என்று தெரிந்தால் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம். என் கொள்ளுத்தாத்தாவேதான் என்று தெரிந்தால், அதை மாமியாரிடம் எந்த வாயால் சொல்வது? உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? கூப்பிடலாமா, வேண்டாமா? கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். லைன் கிடைக்காததற்கு இனிமேல் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.