ஹரிபிரசாத் ஓரத்தில் எழுதிய சட்டம்

அநியாயம் நடந்தது சித்ராதேவிக்கு. செய்தவன் அவள் கணவன் ஹரிபிரசாத். வக்கீல் தொழில் செய்ய எழுதவேண்டிய பார் தேர்வுக்கு அவள் படித்துக்கொண்டிருக்க, கேட்காமலே டிப்ஸ் கொடுத்தான். கைலாசபுரம் தொழிற்சாலையில் வெல்டிங் சரிபார்க்கிறவனுக்குச் சட்டத்தில் என்ன தெரியும்? கணவனாயிற்றே, எல்லாம் தெரிந்துவிட்டது!

“சித்ரா, சத்தமா படி. அப்பத்தான் மனசுல நிக்கும்.”

“நீங்க சத்தம் போடாம இருந்தாலே நிக்கும்ங்க.”

“‘தவறானது எது’ன்னு கேட்டா அடிக்கோடு போடு!”

“தவறானது எதிர்லயே நிக்குது. எங்க கோடு போட?”

ஒருநாள் அவளே குண்டுச் சட்டப்புத்தகம் ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். ஹரிபிரசாத் பூரித்துப்போனான்.

“டிப்ஸை ஓரத்துலயே எழுதிடட்டுமா?”

“உங்க இஷ்டம்.”

எழுதினான்! சிவப்பு மையில் எழுதினான்! கொலைக்கு ஒரு நட்சத்திரம், திருட்டுக்கு இரண்டு. டிவி ஓடவில்லை, வாய் திறக்கவில்லை. ஸ்ரீரங்கத்து வீட்டில் மின்விசிறிச் சத்தம் முதல்முறையாகக் கேட்டது.

ஞாயிறு பரீட்சை. வெள்ளியன்று தொழிற்சாலை கேன்டீனில், உடன் வேலை பார்க்கும் ஆரோக்கியராஜ் குண்டு போட்டார்.

“பார் தேர்வைப் புத்தகத்தைப் பாத்தே எழுதலாம் சார். ஆனா ஓரத்துல ஒரு வரி எழுதியிருந்தாலும் ஹால்ல பிடுங்கிடுவாங்க. என் தங்கச்சி அந்தப் பரீட்சை எழுதினவளாச்சே!”

தயிர்சாதத்தைப் பாதியில் மூடினான். அரைநாள் லீவு போட்டுப் புதுப்புத்தகம் தேடி மலைக்கோட்டைக்கு ஓடினான். கடைத்தெருவில் பட்டு இருந்தது, பாத்திரம் இருந்தது, வெள்ளிக் கொலுசு இருந்தது; சட்டம் மட்டும் இல்லை. காவிரிப் பாலம் தாண்டி வீட்டுக்குள் வந்து விழுந்தான்.

“சித்ரா! உன் பரீட்சையைக் கெடுத்துட்டேன்!”

முழுக் கதையையும் அவள் நீதிபதி மாதிரி கேட்டாள்.

“சரி. என்ன பரிகாரம்?”

“இனிமே டிப்ஸே கிடையாது! சமையல் நான்!”

“பாத்திரம்?”

“அதுவும்!”

“நான் கோர்ட்டுக்குப் போக ஆரம்பிச்ச பிறகு?”

“அப்பவும் நான்தான். சத்தியமா!”

“அழாதீங்க. பரீட்சைக்கான புத்தகம் பீரோவுல பத்திரமா இருக்கு.”

“அப்போ… ராப்பகலா நான் எழுதினது?”

“அது ரத்தாகிப்போன பழைய சட்டம்ங்க. நீங்க அதுல எழுதிக்கிட்டிருந்தப்பத்தான் என்னால படிக்க முடிஞ்சுது!”