முதல்ல இருந்து ஓட்டிருவோம், சித்தி

கேட்டதற்குப் பதில் சொல்கிறவர்கள் உண்டு. கேட்காததற்கும் பதில் சொல்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்று உங்கள் முன்னால் பிடித்துக் கட்டப்போகிறேன். “முதல்ல இருந்து பாத்துருவோம்” என்கிற இனம். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா என்று கேளுங்கள், எட்டிப் பார்க்க மாட்டார்; கிணறு வெட்டிய நாளிலிருந்து பெய்த மழையை எல்லாம் கூட்டி, இறைத்ததை எல்லாம் கழித்து, நடுவில் ஆடு விழுந்ததையும் ஆட்டை எடுத்ததையும் மறக்காமல் சேர்த்து, பொழுது சாயும் நேரத்தில் “கிடக்கு” என்பார். கேட்டவர் பக்கத்துத் தோட்டத்தில் குடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

போடியில் இந்த இனத்துக்கு ஒரு ராசா உண்டு. பிரபாகரன். ராசிங்காபுரத்தில் மகாராணி என்று பெயர் கொண்ட ஒருத்தியின் மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் சோலி. மகாராணியின் தங்கை ஈஸ்வரிக்குக் குரங்கணிப் பாதையில் ஏலக்காய் ஸ்டோர். மலையிலிருந்து வரும் பச்சைக்காயைத் தட்டில் பரப்பி விறகு வெக்கையில் உலர்த்துகிற இடம். மூன்று அறை. மூன்று கதவு. உள்ளே யார் காய், எப்போது தீ போட்டது என்று ஒவ்வொரு கதவிலும் சாக்பீஸில் எழுதியிருக்கும். காய் மாறினால் தீ போடுகிற தங்கபாண்டி பழையதைத் துடைத்துப் புதிதாக எழுதுவான். அக்கா மகன்தானே என்று ஈஸ்வரி வாய் தவறி, “செல்போன்ல நமக்கு ஏதாச்சும் செஞ்சு குடுப்பா” என்றாள்.

வந்தான். கதவைப் பார்த்தான். பாம்பைப் பார்த்ததுபோல் நின்றான்.

“என்ன சித்தி, அழிச்சு அழிச்சு எழுதுறீங்க? பழசு எங்க?”

“பழசு எதுக்குடா? காஞ்சது, கொண்டு போயிட்டாக.”

“நடந்தத அழிக்கவே கூடாது சித்தி. எல்லாத்தையும் வரிசையா சேத்து வச்சா, இப்ப நெலம என்னன்னு எப்ப வேணும்னாலும் முதல்ல இருந்து ஓட்டிக் கண்டுபிடிச்சிரலாம்.”

ஈரத்துணி எடுத்து மூன்று கதவையும் அவனே துடைத்தான். அன்றிலிருந்து எல்லாம் செல்போனுக்குள். காய் வந்தது, பரப்பியது, தீ போட்டது, காய்ந்தது, விறகில் தேள் இருந்தது, தேள் போய்விட்டது. காய்ந்ததும் காய்க்காரருக்குத் தானாகச் செய்தி போகும்: ‘உங்கள் காய் காய்ந்துவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளவும்.’ இரண்டு வருசம் ஒரு குறையும் இல்லை. ஏன் இல்லை? எல்லாரும் தங்கபாண்டியைத்தான் கேட்டார்கள். செல்போனை ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை தங்கபாண்டி தம்பி மகளுக்குக் காது குத்தப் பொட்டிபுரம் போய்விட்டான். போன் எடுக்கவில்லை. ஸ்டோரில் இருந்தது லீவுக்கு வந்திருந்த பிரபாகரன்தான். இரண்டாம் அறையில் ஈஸ்வரியின் சொந்தக் காய், மறுநாள் ஏலம். நேரம் தாண்டினால் பச்சை நிறம் போய்விடும், வியாபாரி கையால் தொடமாட்டான். முன்கூட்டித் திறந்தாலோ வெக்கை இறங்கிக் காய் பாதியில் நின்றுவிடும்.

“டேய், ரெண்டாம் அறைக்குத் தீ எப்ப போட்டது? வெரசா சொல்லு.”

“முதல்ல இருந்து ஓட்டிருவோம், சித்தி.”

ஓட்டினான். முந்தின வருசத்துக்கு முந்தின தை மாதம் வந்தது. மொக்கையன் காய் வந்தது. தேள் வந்தது.

“தேளுக்கு என்னடா இப்ப?”

“வரிசை தப்பக்கூடாது சித்தி.”

கடிகார முள் ஒரு சுற்றுச் சுற்றியது. கணக்கு அந்த வருசத்து ஆவணியைத் தாண்டவில்லை. அப்போது குரங்கணிப் பக்கமிருந்து ஒரு ஜீப்பு வந்தது. மொக்கையன் இறங்கினார், கை நிறைய வெறும் சாக்கோடு.

“ஆத்தா ஈஸ்வரி, காய் காஞ்சுருச்சாமே?”

“அது ரெண்டு வருசத்துக்கு முந்தின காய்ண்ணே. அப்பவே கொண்டு போயிட்டீக.”

“ஒம்பது தடவ போன்ல வந்திருக்கே! ஒம்பது லோடு குடு.”

என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பழையதை ஓட்டும்போது ‘காய்ந்தது’ என்று வருகிற இடத்தில் எல்லாம் பழைய செய்தியும் புதிதாகக் கிளம்பியிருக்கிறது. இரண்டாவது ஜீப்பு வந்தது. மூன்றாவது வந்தது. வாசலில் நாற்பது பேர், நாற்பது கட்டுச் சாக்கு. கடைசியில் பிச்சைமணியின் சம்சாரம் ஜக்கம்மாள் வந்து இறங்கினாள். பிச்சைமணி காலமாகி எட்டு மாதம்.

“ஏப்பா, செத்த மனுசனுக்கு மூணு தடவ போன் போட்டு ‘வந்து எடுத்துக்கோ’ன்னு கூப்புடுறீகளே, அவரு வந்து நின்னா யாரு சோறு போடுவீக?”

திட்டிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்று மூக்கை உறிஞ்சினாள். “ஏண்டி ஈஸ்வரி, ரெண்டாம் அறையில தீய்ஞ்ச வாட வருதே?”

கதவு பறந்தது. நாற்பது பேரும் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு சுடச்சுடத் தட்டுகளை உருவினார்கள். அடித்தட்டுக் காய் சருகு நிறத்துக்குப் போயிருந்தது. மேல்தட்டெல்லாம் பச்சை, கிளிப்பச்சை. ஈஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சித்தி! வந்துருச்சு!” என்று உள்ளேயிருந்து ஓடி வந்தான் பிரபாகரன். “நேத்து மத்தியானம் மூணு மணி!”

மறுநாள் முகமெல்லாம் பல்லாக வந்தான். “புதுசா ஒண்ணு கட்டப்போறேன் சித்தி. பழசெல்லாம் அதுபாட்டுக்குப் பத்திரமா இருக்கும். ஆனா ஒவ்வொண்ணும் நடக்கும்போதே, நீங்க கேக்குற கேள்விக்குப் பதில மட்டும் தனியா ஒரு பலகையில மாத்தி மாத்தி எழுதிருவோம். பாத்ததும் தெரிஞ்சுரும். பலகை கெட்டாலும் கவலையில்ல, பழச ஓட்டித் திரும்பக் கட்டிக்கலாம். அப்ப மட்டும் ஒருத்தருக்கும் போன் போகக்கூடாது.”

ஈஸ்வரி சாக்பீஸை எடுத்து அவன் கையில் வைத்தாள். இரண்டாம் அறைக் கதவைக் காட்டினாள்.

“அழிச்சவன் நீதானப்பா. நீயே எழுது.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் “வண்டிச் சாவி எங்க?” என்று கேட்டதற்கு, “காலையில பால்காரன் வந்தப்ப…” என்று ஆரம்பித்தது யார்? எதற்கும் ஒருதரம் வாசலை எட்டிப் பாருங்கள். யாராவது வெறும் சாக்கோடு நிற்கப் போகிறார்கள்.