கொக்கு அண்ணாச்சியும் வாய் படாத தண்ணீரும்

அருவியை நம்பியே பிழைப்பு நடத்தும் ஊருக்குப் பக்கத்தில் பிறந்து, நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியும் பைப்பும் விற்றுவிட்டு, ஒரு வாய்த் தண்ணீரைச் சைக்கிளில் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் திண்டாடிய மனிதர் உலகத்திலேயே ஒருவராகத்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கொக்கு அண்ணாச்சி. அவரோடு சைக்கிள் ஓட்ட ஆரம்பித்த பிறகு எனக்கு மனித குலத்தின் மேல் இருந்த நம்பிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதியும் இப்பவோ அப்பவோ என்றுதான் இருக்கிறது.

தென்காசியில் பைப், டேப், பிளாஸ்டிக் தொட்டி விற்கும் கடை அவருடையது. சொந்தப் பெயர் கடைப் பலகையில் பெரிதாக இருக்கிறது. யாரும் அதைப் படித்ததில்லை. தண்ணீர் குடிக்கும்போது கழுத்தை நீட்டி, முகத்தை வானத்துக்குக் காட்டி, ஒரு முழம் மேலே இருந்து ஊற்றுவார். அதனால் கொக்கு. பாத்திரத்தில் உதடு பட்டால் எச்சில். எச்சில் பட்ட பாத்திரத்தை அவர் அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்க மாட்டார். நம்மில் பலரும் அண்ணாந்து குடித்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் கொதிக்கிற காபியையும் ஒரு முழம் மேலே இருந்து ஊற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, “நல்லா இருக்குவே” என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்து வந்த வயதில் நாங்கள் நாலைந்து பேர் தடித்த டயரும் கியரும் வைத்த மலைச் சைக்கிள் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளத்தங்கரை மண்பாதை, பண்பொழி, மலையடிவாரம் என்று சுற்றுவோம். புளியறையைத் தாண்டிக் கேரளா பக்கம் ஏறும் மலைரோட்டை ஒரே ஒரு தடவை கடைசி வரை ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் லட்சியம். அண்ணாச்சி வந்து சேர்ந்த அன்றைக்கு அந்த லட்சியத்துக்குச் சனி பிடித்தது.

அவர் ஆசைப்பட்டு வரவில்லை, பாவம். சிறுநீரகத்தில் கல். ஒருநாள் கடையில் பைப்புக் கட்டுகளுக்கு நடுவே வலி தாங்காமல் உருண்டிருக்கிறார். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: உடம்பை அசைக்க வேண்டும், அடிக்கடி ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கல் வெளியேறாவிட்டால் ஆபரேஷன். அண்ணாச்சிக்குக் கத்தி என்றால் உயிரே போய்விடும். சலூனில் சவரக்கத்தியை எடுத்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவர்.

அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, இவுகளத் தண்ணி குடிக்க வைக்காமக் கூட்டிட்டு வந்துராதிய. ஆபரேஷன்னா இவுக பயத்துலயே போய்ச் சேந்துருவாக.”

சரி என்று தலையாட்டினேன். அங்கே பிடித்தது எனக்குச் சனி.

சைக்கிள் ஓட்டுகிறவன் முன்னால் பார்க்க வேண்டும். அண்ணாச்சியைப் போலத் தண்ணீர் குடிக்கிறவன் மேலே பார்க்க வேண்டும். ஒரு கழுத்து இரண்டு வேலையும் செய்யாது. நிறுத்திக் குடியுங்களேன் என்றால், “ஏத்தத்துல எறங்கினா மறுபடி எவன்வே ஏறுவான்? ஒம்ம தோள்ல ஏறட்டா?” என்று கேட்டார்.

முதலில் எல்லோரையும் போல ஒரு சைக்கிள் பாட்டில் வாங்கிக் கொடுத்தோம். ரப்பர் மூக்கு வைத்தது. வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல வாய வைக்கணுமா?”

“ஆமா அண்ணாச்சி.”

“பேரப்பிள்ள பால் குடிக்க மாதிரியா?”

பழைய குற்றாலம் ரோட்டில் அந்தப் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஒரு பிதுக்குப் பிதுக்கினார். ஒரு சொட்டு வாயில் விழுந்தது, மற்றதெல்லாம் மூக்கில். தும்மின வேகத்தில் சைக்கிள் வாய்க்காலுக்குள் போயிற்று.

அடுத்த வாரம் ஹேண்டில்பாரில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு டம்ளர் வேறு. பண்பொழித் தெருவில் விடியற்காலையில் அது கணீர் கணீர் என்று அடித்துக்கொண்டே போக, ஒரு வீட்டில் கதவைத் திறந்து ஒரு அம்மா செம்போடு ஓடி வந்தார். “ஏன் இவ்ளோ நேரம்? பிள்ளைக்குப் பால் இல்லாமக் கெடக்கேன்!” அண்ணாச்சி நிறுத்தி, இது வெறும் தண்ணீர் என்று விளக்கினார். “அதான் தெனமும் ஊத்துதியே!” என்று அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு நாங்கள் பண்பொழியைத் தாண்டவில்லை.

மூன்றாவதுதான் அவருடைய மாஸ்டர் பிளான். கடையில் இல்லாத சாமான் ஏது? கேரியரில் ஒரு குட்டித் தொட்டி, அதிலிருந்து ஒரு கைப்பம்பு, முதுகுக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக ஒரு பைப், தலைக்கு மேலே அதை வாய்ப்பக்கம் வளைக்க ஒரு எல்போ, அதன் நுனியில் ஒரு டேப். டேப்பைத் திறந்து, பம்பை ஒரு அழுத்து அழுத்தி, வாயைத் திறந்தால் போதும். அச்சன்புதூர்ப் பக்கம் வயல்காட்டு ரோட்டில் திறப்பு விழா நடந்தது. அண்ணாச்சி டேப்பைத் திறந்தார், வாயையும் திறந்தார், மேலே பார்த்தார். ரோடு வளைந்தது. அவர் வளையவில்லை.

வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். “ஏட்டி, இங்கன பாருங்கட்டி! ஒரு ஆளு குளிச்சிக்கிட்டே சைக்கிள் ஓட்டுதாரு!”

“குத்தாலத்துல தண்ணி விழலேன்னு அருவியக் கையோட கொண்டுட்டு அலையுதாரு போல” என்றாள் இன்னொருத்தி.

சேற்றிலிருந்து அவரை இழுத்து வெளியே போட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “டேப்ப மூடினியளா?” இந்த மனிதரை வைத்துக்கொண்டு நாம் புளியறைக்குப் போவது இந்த ஜென்மத்தில் இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தெளிவாகிவிட்டது.

கடைசி முயற்சியாக, முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையை வரவழைத்துக் கொடுத்தேன். பையிலிருந்து ஒரு குழாய் தோள் வழியாக முன்னால் வரும். நுனியைக் கடித்து உறிஞ்சினால் தண்ணீர். கை எடுக்க வேண்டாம், மேலே பார்க்க வேண்டாம். அண்ணாச்சிக்குப் பை பிடித்தது, குழாயும் பிடித்தது. கடிப்பது மட்டும் பிடிக்கவில்லை. குழாயை நெற்றிக்கு மேலே தூக்கி நுனியை விரலால் நசுக்கினார். தண்ணீர் மேலே ஏறுமா? ஏறவில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்: பக்கத்தில் வருகிறவர் அவர் முதுகில் ஒரு அமுக்கு அமுக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் வருகிறவர் நான்தான். “அமுக்கும்வே!” என்பார். அமுக்குவேன். ஒரு பீச்சு வரும். எங்களைத் தாண்டிப் போன பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “யோவ், பெரிய மனுசன ஏன்யா அடிக்க?” என்று கத்திவிட்டுப் போனார். படித்து, வேலை பார்த்து, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து, கடைசியில் என் வாழ்க்கை இதற்குத்தானா என்று நினைத்தேன்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு கோடையில் புளியறைக்குக் கிளம்பினோம். சாரல் இல்லை, அருவி வெறும் பாறையாகக் காய்ந்து கிடந்தது. செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் என் பாட்டில் துள்ளி விழுந்தது. பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறியது. போகட்டும், மேலே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறினேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ரோடு எஸ் எழுத்துப் போல வளையும் எஸ் வளைவில் பாதி ஏறியதும் கண் இருட்டியது. காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. காலில் நரம்பு சுண்டி இழுக்க, ரோட்டோரத் தடுப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஏற்றத்தில் இறங்கவே மாட்டேன் என்ற அண்ணாச்சி சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். பையைக் கழற்றி, குழாயை என் கையில் கொடுத்தார். அந்த நிலைமையிலும் எனக்கு அவருடைய எச்சில் கட்டுப்பாடுதான் ஞாபகம் வந்தது. குழாயை மேலே தூக்கப் பார்த்தேன். கை ஏறவில்லை.

“என்னவே தூக்குதீரு? வாயில வச்சுக் கடிச்சு உறிஞ்சும்! செத்துக்கித்துப் போயிராதேயும்!” என்று குழாயை அவரே என் வாய்க்குள் திணித்தார். உறிஞ்சினேன். கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தால் அண்ணாச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். முகம் வெளுத்திருந்தது. ஏற்றத்தில் அமுக்க எனக்குத் தெம்பில்லாமல் போனதில் அவர் வெகுநேரமாகக் குடிக்கவில்லை. கீழே சாப்பாட்டுக் கடைகளுக்கு நல்ல தூரம். மதினி சொன்னது மண்டையில் இடித்தது. இந்த மனிதரை ஆபரேஷன் மேசையில் படுக்க வைக்கப் போகிறேனே என்று அழுகையே வந்துவிட்டது.

“அண்ணாச்சி, சட்டையில தொடச்சிட்டுக் குடிங்க. இல்லேன்னா மேல தூக்குங்க, நான் அமுக்குதேன்” என்றேன். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அண்ணாச்சி குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துடைக்கவில்லை. அப்படியே வாயில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உறிஞ்சினார். உறிஞ்சிக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

“இவ்வளவு லேசா இருக்குமாவே இது?”

“அண்ணாச்சி, அது என் எச்சி.”

“ஒம்ம எச்சிதானவே” என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் உறிஞ்சினார்.

கேரளாவில் காய்கறி இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய ஒரு மினி லாரி எங்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கியது. அந்த வாரமே அண்ணாச்சியின் கல் தானாக வெளியே வந்துவிட்டது. அதை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கடை மேசையில் வைத்து, டேப் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுகிறார். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதும் காட்டுகிறார்.

ஆள் திருந்திவிட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தூக்குவாளியோடு வந்து நின்றார். குழாய்ப் பை எங்கே என்றால், “அது ஆபத்துக்குவே, அன்னாடம் எவன் உறிஞ்சுவான்?” என்கிறார். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, டம்ளரில் ஊற்றி, அண்ணாந்து குடிக்கிறார். வெயில் ஏறிவிடுகிறது, திரும்பிவிடுகிறோம். எஸ் வளைவை நாங்கள் இன்னும் தாண்டவில்லை. இனித் தாண்டுவோம் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அவர் குடித்து முடிக்கும் வரை அவருடைய சைக்கிளையும் சேர்த்து நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வேறு யாரையும் பிடிக்க விடுவதில்லை.