டில்லிபாபுவைப் பங்கு போட்ட வரலாறு

மனித குலத்தின் மனத்துயரை ஒழித்த பெருமை யாருக்கு என்று பிற்காலத்துச் சரித்திர ஆசிரியர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அதற்காக இப்போதே சொல்லிவிடுகிறோம். அந்தப் பெருமை, காசிமேட்டில் ஐஸ் கம்பெனி மாடியில் இயங்கும் 'விசைப்படகு உழைப்பாளர் ஒற்றுமை நலச் சங்க'த்துக்கே உரியது. மனச்சோர்வு என்னும் அரக்கனை அச்சங்கம் ஒரே ஒரு தீர்மானத்தால் வீழ்த்தியது. அரக்கன் குடியிருந்த உடம்பு, சங்கச் செயலாளர் டில்லிபாபுவுடையது. தீர்மானத்தை எழுதியவனும் அவனே. தன் நோய்க்குத் தானே மினிட்ஸ் எழுதிய மகான் வேறு எவராவது இருந்தால் முன்வரலாம். சங்கத்தில் சால்வை ஸ்டாக் இருக்கிறது.

டில்லிபாபுவுக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. அவனுக்கே அதுதான் எரிச்சல். சொந்த வீடு. லெட்டர்பேடில் பெயர். மனைவி ஜெயஸ்ரீ மஸ்கட்டில் வேலை பார்த்தாள். வீடியோ காலில் அவளுக்குத் தினமும் பல்லைக் காட்டிச் சிரிப்பான். ஆனால் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகளெல்லாம் பூ சுற்றிக்கொண்டு கிளம்பிய அன்று, பல் பிரஷை வாயில் வைத்தபடி உட்கார்ந்தவன், வாய் காய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வஞ்சிர வறுவல் அட்டையைத் தின்பது போலிருந்தது. படகுத்துறை விளிம்பில் நின்றால், இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால்தான் என்ன என்று தோன்றியது. அந்த நினைப்புக்குப் பயந்து அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். வெளியே சொல்லவில்லை. செயலாளர் என்பவர் பிறர் குறையைக் கேட்பவர். தன் குறையைச் சொல்ல விதியில் இடமில்லை.

இந்த நேரத்தில்தான் நட்சத்திர ஓட்டல் ஒன்றில் நடந்த 'முழு மனித அணுகுமுறை' பயிலரங்குக்குச் சங்கம் அவனை அனுப்பியது. டை கட்டிய ஒருவர் திரையில் ஒரு மனித உருவத்தைக் காட்டினார். "மனச்சோர்வு மனசோட விஷயம் மட்டுமில்ல. உடம்பு, சாப்பாடு, தூக்கம், மூச்சு, உறவு எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும். மனுஷன் ஒரு முழுமை" என்றார். டில்லிபாபு நிமிர்ந்து உட்கார்ந்தான். நம்மைத்தான் படம் போட்டுக் காட்டுகிறாரோ என்று சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டான். செயற்குழுவில் சொல்லிவிடுவது.

சொன்னான். தலைவர் துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உனுக்கா? பேஜாரா கீதா? வாய்வா இருக்கப்போவுது நைனா."

"வாய்வு இல்ல தலீவரே. முழு ஆளுக்கே வந்துகீது. முழுசா பாக்கணுமாம்."

"ஒரு ஆள முழுசா ஒருத்தரே பாக்கணும்னா, அவுரு பொயப்பு இன்னா ஆவுறது? பங்கு போடு."

வெளியூர் வாசகர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காசிமேட்டில் பங்கு போடாமல் எதுவும் நடக்காது. கரைக்கு வந்த மீனில் படகுக்கு, வலைக்கு, டிரைவருக்கு, ஆளுக்கு என்று பிரித்த பிறகுதான் மூச்சு விடுவார்கள். அடுத்தவன் பங்கில் கை வைப்பது, கொலைக்கு ஒரு படி கீழே. இவ்வளவு நேர்மையான ஏற்பாடு இருக்கும்போது ஒரு மனிதனை மட்டும் பிரிக்காமல் விட்டுவைப்பது அநியாயமல்லவா? டில்லிபாபுவே பேனாவை எடுத்துத் தன்னைப் பிரித்தான். சாப்பாடு, பிரியாணிக் கடை ஹபீபுல்லா பாய்க்கு. தூக்கம், ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் முப்பிடாதிக்கு. மூச்சு, தலைவர் மகள் சினேகாவுக்கு. அவள் போனிலேயே யோகா படித்துச் சான்றிதழ் வாங்கியவள். உறவு மற்றும் அழுகை, மீன் ஏலம் விடும் குப்பம்மாவுக்கு. கையெழுத்துப் போட்டபோது அவனுக்கே மெய்சிலிர்த்தது. எவ்வளவு சுத்தமான பிரிவினை!

திட்டம் அமலுக்கு வந்தது. முப்பிடாதி தம் பங்கில் எள்ளளவும் குறை வைக்கவில்லை. ராத்திரி முழுக்கப் போன் செய்தார்.

"தூங்கிட்டியா?"

"இல்லண்ணே."

"செரி, தூங்கு. அப்பால கூப்புட்டுப் பாக்குறேன்."

சினேகா காலையில் பாயோடு வந்து, "அங்கிள், நெகட்டிவ் எல்லாத்தையும் வெளிய விடுங்க" என்றாள். விட்டான். மூச்சோடு அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பதறிப்போய்ப் பாயைச் சுருட்டினாள். "ஐயோ அங்கிள், அழுகை குப்பம்மா ஆன்ட்டியோடது. அவங்க சண்டைக்கு வருவாங்க!"

குப்பம்மா ஏலத்தை முடித்துக்கொண்டு, கூடையோடு நேராக வந்தாள். "இன்னாடா, அயுவுறியா? அயுவு. எனுக்கு ஷேர் ஆட்டோ நிக்கிது." நிற்கும் ஆட்டோவுக்கு எதிரே யாருக்குத்தான் அழுகை வரும்? "வர்லியா? அப்ப நாளிக்கி" என்று போய்விட்டாள்.

ஹபீபுல்லா பாயிடம் ஒருநாள் வாய்விட்டே சொன்னான். "பாய், சோறு எறங்கல. இவ்ளோ பேரு சுத்திக் கீறீங்க, யாருமே இல்லாத மாரி கீது." பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, அது என் பங்குல வரலியேப்பா. லெக் பீஸ் வேணா பெருசா வெக்கிறேன்" என்றார். வைத்தார். தங்கமான மனிதர்.

பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார் என்பது டில்லிபாபுவுக்குத் தெரியும். பஸ் ஸ்டாப் வரை போவான். பஸ் வரும், நிற்கும், கால் நகராது. பஸ் போகும், திரும்பிவிடுவான். கூட ஒரு ஆள் வந்தால் ஏறிவிடலாம். ஆனால் 'கூட வருவது' யார் பங்கிலும் எழுதப்படவில்லை. எழுதிய மேதை யாரென்றுதான் உங்களுக்குத் தெரியுமே.

எல்லாப் பங்குகளும் ஒழுங்காக வழங்கப்பட்டதால், நோயாளி குணமடைந்துவிட்டதாகச் சங்கம் அறிவித்தது. பேனர் கட்டி, மைக் செட் வைத்து, 'முழு நலம் பெற்ற விழா'. சால்வை போர்த்தி ஏற்புரைக்கு அழைத்தார்கள்.

"தலீவரே, எனுக்கு ஒண்ணும் சரியாவல" என்றான் டில்லிபாபு மைக்கில். "நாளிக்கி ஆஸ்பத்திரிக்குப் போணும். தனியா போவ முடியல, பயமா கீது. யார்னா ஒருத்தர் வர்றீங்களா?"

பலத்த கைத்தட்டல். "இன்னா தன்னடக்கம் பாத்தியா!" என்றார் துரை. டில்லிபாபு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். முப்பிடாதி மெதுவாக, "அது தூக்கத்துல வராதே" என்றார். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"செரி, பங்கு வாணாம்" என்றான். குப்பம்மா பக்கம் திரும்பினான். "யக்கா, என்னிய ஏலம் வுடு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. குப்பம்மாவும் சிரித்துக்கொண்டே எழுந்தாள். தொழில் அல்லவா, தொண்டை தானாகத் திறந்துகொண்டது. "ஆளு ஒண்ணு! வெட்டல, பிரிக்கல, முழுசு! யாரு எடுக்குறீங்கோ? ஒரு தரம்!"

சிரிப்பு.

"ரெண்டு தரம்!"

இந்த இடத்தில்தான் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சால்வைக்குள் அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. குப்பம்மாவின் சிரிப்பு நின்றது. கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். யாரும் கை தூக்கவில்லை.

"மூணு தரம். எனுக்குத்தான். காலீல ரெடியா இருடா."

மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். டாக்டர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தூக்கம், சாப்பாடு, வீடு, வேலை, சாகணும் என்று தோன்றுகிறதா என்பதுவரை அத்தனையையும் ஒருவரே கேட்டார். டில்லிபாபு முதன்முறையாகப் படகுத்துறையைப் பற்றிச் சொன்னான். சொல்லி முடித்ததும், பழக்க தோஷம், "எல்லாப் பங்கையும் நீங்களே எடுத்துக்கினா பெரச்சின வராதா சார்?" என்று கவலையோடு கேட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. இது நோய், சோம்பல் இல்லை என்றார். மாத்திரை உண்டு, வாரா வாரம் வந்து பேச வேண்டும், சரியாகக் கொஞ்சம் காலம் பிடிக்கும், தனியாக இருக்க வேண்டாம் என்றார். வெளியே குப்பம்மா வரிசையில் முந்தியவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த வாரமே செயற்குழு அவசரமாகக் கூடி, குப்பம்மாவுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. செயலாளர் என்ற முறையில் டைப் அடித்தவன் டில்லிபாபு. ஏலம் விடுபவர் தாமே எடுத்தது, பிறர் பங்குகளில் கை வைத்தது, முறைப்படி பிரிக்கப்பட்ட ஓர் ஆளை முழுசாகக் கொண்டுபோனது என்பவை குற்றங்கள்.

குப்பம்மா இடுப்பில் கூடையோடு வந்து நின்றாள். "எழுதிக்கோ. கூப்ட்டான், போனேன்."

"அவ்ளோதானா?" என்றார் துரை.

"வேற இன்னா கீது அதுல?"

செயற்குழு இதை நெடுநேரம் விவாதித்தது. பயிலரங்கில் கொடுத்த கையேட்டை முன்னும் பின்னும் புரட்டியது. அதில் எங்கேயும் இப்படியொரு சிகிச்சை இல்லை. ஆகவே 'விளக்கம் புரியும்படி இல்லை' என்று குப்பம்மாவைச் சங்கத்திலிருந்து நீக்கத் தீர்மானம் வந்தது. எல்லாரும் கை தூக்கினார்கள். செயலாளர் மட்டும் தூக்கவில்லை. அவருக்கு நோய் இன்னும் குணமாகவில்லை என்று மினிட்ஸில் வருத்தத்துடன் பதிவு செய்யப்பட்டது.