வஜீதாவின் பெயரில் படுத்திருக்கும் தியாப்

கெய்ரோ,
வியாழக்கிழமை, காலை பதினொரு மணி

மரியாதைக்குரிய முத்வல்லி மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் ஃபிக்ரியின் சலாம். தாங்களும், பெண் பிள்ளைகள் ஐந்து பேரும், எருமையும், இந்த வருடக் கரும்பும் நலமாயிருக்க இறைவன் அருளட்டும். நான் நலமாயில்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை நீங்களே படியுங்கள். நேற்று நான் தொலைபேசியில் பேசியதை வீட்டு நடுவே ஸ்பீக்கரில் போட்டு எல்லோரையும் கேட்க வைத்தீர்கள். கடைசியில் "கரும்பு வண்டி வந்துடுச்சு" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். நம் ஊர் வேன்காரர் ஷஃபீக் இன்று மதியம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் உங்கள் மகன் தியாபின் பிறப்புச் சான்றிதழோடு நீங்கள் இங்கே வந்து, தியாபின் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பையனுக்கு அந்த மாத்திரை கிடைக்காது. இவ்வளவைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள் நீங்கள் என்றால் மீதி தேவையில்லை. ஆனால் உங்களை எனக்குத் தெரியும். ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை. ஊரில் "ஃபிக்ரி ரத்தம் எடுக்கிறான்" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். நான் ரத்தம் எடுப்பதில்லை. பிள்ளைகளின் எலும்பு மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, குரோமோசோம்களில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கிறேன். எங்கள் ஆராய்ச்சியில் சேரும் பிள்ளைகளின் மாதிரி பெயர் இல்லாமல் எண்ணோடுதான் எனக்கு வரும். அப்படிப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒன்று வந்தது. எண் முப்பத்தொன்று, பெண், ஏழு வயது. நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன். திங்கட்கிழமை முடிவு கிடைத்தது. எண்ணிய இருபது செல்லிலும், மாமா, இருபதிலும், ஆணுக்கு மட்டுமே இருக்கிற ஒய் குரோமோசோம் உட்கார்ந்திருக்கிறது. பெண் பிள்ளையிடம் அதற்கு என்ன வேலை? வார்டில் யாரோ இரண்டு பிள்ளைகளின் குப்பியை மாற்றிவிட்டார்கள் என்று எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. பொறுமையாக மேலே போய் விசாரித்திருக்கலாம். என் குணம் உங்களுக்குத் தெரியுமே. 'இந்த மாதிரி வேறு யாருடையதோ, செல்லாது' என்று சிவப்பு மையில் எழுதி, முத்திரை குத்தி, ஆராய்ச்சிக் குழுவுக்கு அனுப்பிவிட்டுத்தான் நர்ஸ்களோடு சண்டை போட மாடிப்படி ஏறினேன்.

ஏறினால் பெண் பிள்ளைகள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், ஹமீதா அத்தை!

என்னைப் பார்த்ததும் அத்தை முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினார்கள். "வா ஃபிக்ரி" என்றுகூடச் சொல்லவில்லை.

"அத்தை, நீங்க எப்ப வந்தீங்க? யாருக்கு உடம்பு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லப்பா. சும்மா வந்தோம்."

"ஆஸ்பத்திரிக்கா சும்மா வருவாங்க? எத்தனை நாளாச்சு?"

"பதினொண்ணு."

"பதினொரு நாளா! நான் கீழ் மாடியிலதானே இருக்கேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கோவிச்சுக்காதே ராஜா. நீ நல்ல பிள்ளைதான். ஆனா உன் கண்ணு நீலமா இருக்கே. முன்பல்லுல இடைவெளி வேற. அப்படிப்பட்டவங்க கண்ணு பட்டுடும்னு ஊர்ல சொல்வாங்களே. உன் மாமாதான் கண்டிப்பா சொல்லிட்டாரு, ஃபிக்ரி கண்ணுல மட்டும் பிள்ளையைக் காட்டாதேன்னு."

மாமா, ஆறு வருடம் படித்து, அரசாங்கச் சான்றிதழ் வாங்கி, நாள் முழுக்க நோயைத் தேடுகிறவன் நான். என் கண்ணால் உங்கள் பிள்ளைக்கு ஆபத்து. சரி, போகட்டும். அதற்குள் முந்தானைக்கு அடியிலிருந்து "ஃபிக்ரி அண்ணே, இங்க ரெண்டு கிளாஸ் பால் தர்றாங்க" என்று ஒரு குரல். தியாப்! பாவாடை கட்டிக்கொண்டு, நேர்த்திக்காக நான்கு வருடமாய் வெட்டாமல் விட்ட முடியில் ரிப்பன் வைத்துக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டு அட்டையில் 'வஜீதா முத்வல்லி' என்ற அக்காவின் பெயரோடு! இரண்டு கிளாஸ் பால் ஏன் தெரியுமா? ஏழு வயதுப் பெண்ணுக்கு நான்கு வயதுப் பிள்ளையின் எடைதான் இருக்கிறது, ஊட்டம் போதவில்லை என்று சத்துணவு அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். பெண் பிள்ளைகளின் படிவம் என்பதால் ஆண் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய ஒரு சோதனையையும் செய்யவில்லை. அந்த வரியே அதில் கிடையாது. பெருக்குகிற அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அது பையன்னு எனக்கு மொத நாளே தெரியும் தம்பி. இந்த வார்டுல இருக்கற தாய்மாருங்க எல்லாருக்கும் தெரியும். எங்க ஊர்லயும் ஆம்பளைப் பிள்ளையைக் கண்ணு படாம இப்படித்தான் மறைப்போம். படிச்சவங்களுக்குத்தான் இருபது செல்லு எண்ண வேண்டியிருக்கு" என்றார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். செல்லாது என்று நானே முத்திரை குத்திய மாதிரி என் மாமா மகனுடையது. அதில் நான் என்ன கண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய். எழுதிவிட்டேன், தாள் தீப்பிடிக்கவில்லை. அதிலும் ஒரு வகை, எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதில்லை. ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் தங்கள் நுனிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருக்கின்றன. வழக்கமான ஊசிகள் மட்டும் இதற்குப் போதாது. ஆனால் இந்தக் கோளாறுக்கென்றே ஒரு புது மாத்திரையை எங்கள் ஆராய்ச்சியில் கொடுத்துப் பார்க்கிறோம். கட்டாயம் குணமாகும் என்று நான் வாக்குத் தரமாட்டேன், பொய் சொல்லிப் பழக்கமில்லை. பிழைக்கிற வாய்ப்பு கூடும், நன்றாகவே கூடும். சிகிச்சை தொடங்கிய பதினைந்தாம் நாளுக்குள் பிள்ளையை அதில் சேர்த்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் பதினைந்தாம் நாள்.

"இன்னொரு தடவை மஜ்ஜை எடுத்தா என்ன?" என்று அத்தை கேட்டார்கள். எடுத்துப் பயனில்லை. மருந்து உள்ளே போய்ப் பல நாளாயிற்று, நான் பார்க்க வேண்டிய செல்கள் கரைந்துகொண்டிருக்கும். முதல் மாதிரிதான் ஆதாரம். நானும் சும்மா இருக்கவில்லை. தியாபின் வாயில் பஞ்சை வைத்து எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, மாதிரியும் கட்டிலில் கிடக்கிற பிள்ளையும் ஒன்றுதான் என்று நிரூபித்துவிட்டேன். டாக்டர் இல்ஹாம், இந்த ஆராய்ச்சிக்கே தலைவி அவர்தான், காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லது ஃபிக்ரி. ரெண்டும் ஒரே பிள்ளைதான். ஆனா யாரு அந்தப் பிள்ளை?"

"என் மாமா பையன் தியாப், டாக்டர்."

"அப்பா வஜீதாங்கற பொண்ணுக்குச் சம்மதக் கையெழுத்து போட்டிருக்காரே. அவ எங்க?"

"ஊர்ல, ஜிர்காவுல. ஸ்கூலுக்குப் போயிருப்பா."

"நோயே இல்லாத பொண்ணுக்குச் சம்மதம் இருக்கு. நோய் இருக்கற பையனுக்குச் சம்மதம் இல்ல. இவனுக்கு நான் எப்படி மாத்திரை கொடுப்பேன்? கையெழுத்து போட்டவரை வரச் சொல்லு."

அதற்குத்தான் நேற்று உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் சொன்னதை வரி பிசகாமல் எழுதுகிறேன், படித்துப் பார்த்து நீங்களே வெட்கப்படுங்கள்.

"டேய் ஃபிக்ரி, தாள்ல அவன் பேரை எழுதினா அது அவனைத் தேடி வந்துடும்டா."

"அது வந்து எவ்வளவோ நாளாச்சு மாமா!"

"அது வந்தது வஜீதாங்கற பேருக்கு. கெய்ரோவுல வஜீதாவைத் தேடும். அவ இங்க தண்ணிக் குடத்தோட ஓடிக்கிட்டிருக்கா, கல்லு மாதிரி இருக்கா. தேடித் தேடி, ஏமாந்து, அது திரும்பிப் போயிடும். இதைக் கெடுக்கத்தான் நீ படிச்சியா?"

ஐந்து பெண்ணுக்குப் பிறகு பிறந்தவன். எனக்குத் தெரியாதா? உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நோய்க்கு எழுத்துக் கூட்டத் தெரியாது மாமா, அது அட்டையைப் படித்துவிட்டு உள்ளே வருவதில்லை! வஜீதாவின் தலையில் ஏற்றி வைத்தீர்களே, அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? மூன்று நாளாக நான் சாப்பிட்டது நின்றுகொண்டு விழுங்கிய, அவரை மசியல் வைத்த இரண்டு ஃபூல் ரொட்டி. கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு முத்திரை. அதை நான் குத்தாமல் இருந்திருந்தால் இந்தச் சிக்கல் ஞாயிற்றுக்கிழமைவரை வந்திருக்காது. தியாபுக்கு முடி கொட்டத் தொடங்கிவிட்டது. அத்தை ஒவ்வொரு கொத்தாய்ப் பொறுக்கித் துணியில் முடிந்து வைக்கிறார்கள், நேர்த்தி தவறக் கூடாதாம். அவன் என்னிடம், "அண்ணே, நான் எப்ப திரும்பப் பையனாவேன்?" என்று கேட்கிறான். அப்பா வந்ததும் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்காதீர்கள்.

சனிக்கிழமை காலை ரயிலைப் பிடியுங்கள். கரும்பை உங்கள் மைத்துனர் பார்த்துக்கொள்ளட்டும். அத்தைக்கு வெயிலில் புளிக்க வைத்துச் சுடுகிற நம் ஊர் ரொட்டி கொண்டுவர வேண்டாம், வெளிச் சாப்பாடு வார்டுக்குள் ஆகாது. வரமாட்டேன் என்றால் அதையாவது எழுதித் தாருங்கள், டாக்டரிடம் காட்ட வேண்டும். என் தாயின் தம்பி என்கிற மரியாதை குறையாமல்தான் இதையெல்லாம் எழுதியிருக்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம். உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதைவிட முக்கியமாகக் கொஞ்சம் யோசனையையும் இறைவன் தரட்டும்.

இப்படிக்கு,
நீலக் கண் மருமகன்,
ஃபிக்ரி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தோடு வாசலுக்குப் போனேன், ஷஃபீக்கின் வேனிலிருந்து நீங்களே இறங்கினீர்கள், பின்னால் வஜீதா. "எனக்கு எழுதினதுதானே, கொடுடா, ஊருக்குப் போறப்ப படிக்கறேன்" என்று பிடிவாதம் பிடிக்கிறீர்கள். கொடுக்கிறேன். ஆனால் நீங்கள் வந்தது என்னால் இல்லை என்று ஷஃபீக் சொன்னார். நான் நான்கு பக்கம் விஞ்ஞானம் எழுதத் தொடங்கும் முன்பே உங்களை வண்டியில் ஏற்றியது ஏழு வயது வஜீதாவாம். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுவிட்டு, "அது பேரைப் பாத்து வரும்னா, மருந்தும் பேரைப் பாத்துத்தானே போகும்? அப்போ தம்பிக்குன்னு அனுப்பற மருந்தெல்லாம் என்னைத் தேடி ஊருக்கு வந்துடாதா?" என்று கேட்டாளாம். நீங்கள் விடியும் முன்னே சான்றிதழை எடுத்துவிட்டீர்கள்.

டாக்டர் இல்ஹாம் கட்டிலருகே புதுச் சம்மதப் படிவத்தை வைத்துக்கொண்டு "பிள்ளை பேரு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நீங்கள் எழுந்து நின்று, "தியாப்! தியாப் முத்வல்லி அப்துல் ஹாஃபிஸ்!" என்று மூன்று முறை கத்தினீர்கள். வார்டில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டன. ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று நான் அதட்டினேன். "சும்மா இருடா, மருந்துக்குக் கேக்க வேணாமா?" என்றீர்கள்.