இந்த இடத்தில் தண்ணீர் குடிப்பான்

அச்சம் என்ற சொல்லை எதிரணியினருக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தவன் நான். அதில் எனக்கும் பங்குண்டு என்பதை 2006ஆம் ஆண்டு, சிதம்பரத்தில், நிறைந்த அரங்கின் முன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அப்போது கடலூரில் கல்லூரி மாணவன். மாவட்ட அளவிலான சொற்போர். 'அறிவைப் பரப்புவது நூலகமா, இணையமா?' என்பது தலைப்பு. நான் இணையத்தின் காவலன். (அதுவரை இணையத்தில் நான் கண்டது தேர்வு முடிவுகளை மட்டுமே.) வென்றால் மாநிலப் போட்டி. அதைவிடப் பெரிது, திருப்பாதிரிப்புலியூரில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் என் அம்மா முதன்முறையாக என்னை மேடையில் பார்க்க வருகிறார் என்பது.

பத்து நாள்கள் அவருடைய தையல் இயந்திரத்தின் எதிரே நின்று, தாளைப் பார்த்து முழங்கினேன். பிறகு உரையை பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்து எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டேன். வெறுங்கையோடு சிதம்பரம் சென்று, அங்கே அச்செடுத்து, மேடையில் உயர்த்திக் காட்டுவது என் வியூகம்.

"எதுக்கும் கையில எழுதுனத எடுத்துக்கடா," என்றார் அம்மா.

"தாள் என்பது கடந்த காலம், அம்மா!" (வீட்டிலும் எனக்கு மேடைத்தமிழ்தான்.)

"சரி, அந்தக் கடந்த காலத்த மடிச்சுப் பையில வெச்சுக்க."

வைக்கவில்லை.

அம்மாவை அரங்கில் அமர்த்திவிட்டு, கீழ வீதியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். அச்சாகி வந்த தாளில் தமிழே இல்லை. கட்டங்கள், கேள்விக்குறிகள், தொப்பி அணிந்த ஆங்கில எழுத்துகள்.

"அண்ணே, என்ன இது?"

"உங்க ஃபாண்ட் எங்க சிஸ்டத்துல இல்ல தம்பி. கடலூர்லயே பிரிண்ட் எடுத்துனு வந்திருக்கலாம்ல?"

இன்னும் இருபது நிமிடங்கள். அந்தத் தாளோடு சித்திரை வெயிலில் அரங்கை நோக்கி ஓடினேன். கோயில் மணி ஒலித்தது. எனக்காகத்தான் என்று தோன்றியது.

எனக்கு முன் பேசியவர் நூலக அணியின் பர்வீன், லால்பேட்டை மாணவி. கையில் தடித்த நூல் ஒன்று. பேசி முடிக்கும்வரை அதைத் திறக்கவே இல்லை. அதுதான் என்னை இன்னும் நடுங்கவைத்தது.

என் முறை. தாளை உயர்த்தினேன். "கடலூரில் வைத்ததைச் சிதம்பரத்தில் எடுத்தேன்!" கைதட்டல். தாளை இறக்கினேன். கட்டங்கள் என்னைப் பார்த்தன. நான் கட்டங்களைப் பார்த்தேன். அடுத்த வரி நினைவில் இல்லை. என் பெயரும் ஐயத்திற்குரியதாகவே இருந்தது.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல்: "'குக்கிராமத்து மாணவனும்'னு வரும், சொல்லுடா!"

சொன்னேன். மீண்டும் நின்றேன். "'கடல்கடந்த அறிஞனும்'!" என்றார் அம்மா. ஜாக்கெட் தைத்தபடியே முழு உரையையும் மனப்பாடம் செய்திருக்கிறார்! எனக்கு உயிர் வந்தது, வெள்ளமெனப் பாய்ந்தேன். அப்போதுதான் அம்மா எழுந்தே நின்றார்.

"நிறுத்து, நிறுத்து! இந்த எடத்துல அவுங்க கை தட்டுவாங்க, நீ தண்ணி குடிப்ப!"

(ஒத்திகையில் அந்த இடத்தில் கற்பனைக் கரவொலிக்காக நிறுத்தி, சொம்பை எடுப்பது என் வழக்கம்.)

அரங்கமே குலுங்கியது. எதிரணியிலிருந்து ஒரு பாட்டில் நீண்டது. "குடிங்க. அம்மா சொல்றாங்கல்ல," என்றார் பர்வீன். குடித்தேன். பாதி சட்டைக்குப் போனது.

நடுவர் எழுந்தார். "இணைய அணியின் உரை இணையத்திலும் இல்லை, தாளிலும் இல்லை, அம்மாவிடம் பத்திரமாக இருந்திருக்கிறது" என்றார். மாநிலப் போட்டிக்குப் பர்வீன் சென்றார்.

திரும்பும் பேருந்தில் நான் முகத்தைச் சன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன். "நல்லாத்தான் பேசுன," என்று அம்மா தேற்றினார். "நான் மூணே எடத்துலதான எடுத்துக் குடுத்தேன்."

ஆண்டுகள் கழித்துப் பெண் பார்க்கச் சென்றோம். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று பெண் கேட்டதும் நா ஒட்டிக்கொண்டது. அம்மா நிதானமாக டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணுமில்லம்மா. இந்த எடத்துல தண்ணி குடிப்பான்."

அந்தப் பெண்ணைத்தான் மணந்தேன். இன்றும் நான் வீட்டில் குரலை உயர்த்தினால் போதும். சொம்பைக் கொண்டுவந்து எதிரே வைக்கிறாள்.